வேக சார்ஜர் வாங்கலாமா, பெட்டரி கெட்டுவிடுமா? ஹட்டன் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட், டிக்கோயா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கைக்கு வந்த வாரத்தில் புதுப் போன் வாங்குவார்கள், அடுத்த மாதம் சார்ஜர் பற்றிக் கேட்டுக்கொண்டு வருவார்கள். வருஷா வருஷம் இதுதான். நாளுக்குப் பத்துத் தடவை சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேக சார்ஜருக்கும் சாதாரண சார்ஜருக்கும் என்ன வித்தியாசம்?

வாட் கணக்கில்தான் வித்தியாசம். வோல்டை அம்பியரால் பெருக்கினால் வாட். பழைய சின்ன சார்ஜர் 5 வோல்ட், 1 அம்பியர் கொடுக்கும், அதாவது 5 வாட். இப்போது 18, 25, 33, 67, 120 என்று ஏறிக்கொண்டே போகிறது. 2023இல் ரியல்மி 240 வாட் வரைக்கும் போய்விட்டது. வேக சார்ஜரில் வோல்டேஜையோ அம்பியரையோ இரண்டையுமோ கூட்டிக் கொடுக்கிறார்கள். அதற்கு முன்னால் போனும் சார்ஜரும் வயர் வழியாகப் பேசிக்கொள்ளும். "எனக்கு 9 வோல்ட் தா" என்று போன் கேட்கும், இருந்தால் சார்ஜர் கொடுக்கும். பேச்சு ஒத்துவராவிட்டால் பழையபடி 5 வோல்டிலேயே நின்றுவிடும்.

அண்ணே, என் போன் சின்னது. 67 வாட் சார்ஜர் போட்டால் எரிந்துவிடாதா?

எரியாது. சார்ஜர் கரண்டைத் தள்ளிவிடுவதில்லை, போன்தான் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குகிறது. பைப்பில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் நீங்கள் திறந்த அளவுதானே வரும்? 10 வாட் ஏற்கும் போனில் 67 வாட் சார்ஜரை மாட்டினால் 10 வாட்தான் போகும். நட்டம் உங்கள் காசுக்கு மட்டும். இது ஒழுங்கான சார்ஜருக்குச் சொல்வது. போலிச் சார்ஜர் வேறு கதை, கீழே வருகிறது.

பெரிய வாட் சார்ஜர் வாங்கியும் மெதுவாகத்தான் ஏறுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பாதிப் பேருக்கு ஏமாற்று, மீதிப் பேருக்குப் பாஷை பொருந்தாததுதான் காரணம். கடையில் இதற்குத்தான் அதிக நேரம் செலவாகிறது, கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு சார்ஜிங் முறை வைத்திருக்கிறது. குவால்காமின் குவிக் சார்ஜ் ஒன்று. ஒப்போ 2014இல் கொண்டுவந்த வூக் இன்னொன்று. அது வோல்டேஜை 5இலேயே வைத்துக்கொண்டு அம்பியரை 4 வரை கூட்டியது. அப்புறம் எல்லோருக்கும் பொதுவாக யூஎஸ்பி பவர் டெலிவரி வந்தது. சுருக்கமாகப் பிடி என்பார்கள். அதன் 2021 பதிப்பு 240 வாட் வரை போகும். அந்தப் பிடிக்குள்ளேயே பிபிஎஸ் என்று ஒரு வசதி உண்டு. வோல்டேஜைச் சின்னச் சின்னப் படிகளாகக் கூட்டிக் குறைக்க அது போனுக்கு இடம் கொடுக்கிறது.

சாம்சங்கின் 25 வாட் வேகத்துக்கு இந்தப் பிபிஎஸ் கட்டாயம். அது இல்லாத 65 வாட் லேப்டாப் சார்ஜரைச் சாம்சங்கில் மாட்டினால் பெரும்பாலும் 15 வாட்டோடு சரி. ஒப்போ, ரியல்மி போன்களின் முழு வேகமும் அவற்றின் சொந்தச் சார்ஜரும் சொந்த வயரும் சேர்ந்தால்தான் வரும். சாம்சங் சார்ஜரில் போட்டால் பல மாடல்கள் 10 அல்லது 18 வாட்டில் நின்றுவிடும். ஐபோன் 8உம் அதற்குப் பிறகு வந்த ஐபோன்களும் பிடியைப் புரிந்துகொள்ளும், அதனால் பிடி உள்ள எந்த நல்ல சார்ஜரும் போதும்.

சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் அவுட்புட் என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். சாம்சங்கின் 25 வாட் சார்ஜரில் 5 வோல்ட் 3 அம்பியர், 9 வோல்ட் 2.77 அம்பியர் என்று போட்டு, அதற்குக் கீழே பிபிஎஸ் வரியில் 3.3 முதல் 11 வோல்ட் வரை என்று தனியாக இருக்கும். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் கணக்கு விளம்பரம்தான். கண் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் போன் எத்தனை வாட் ஏற்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செட்டிங்கில் மாடல் பெயரைப் பார்த்து இணையத்தில் தேடுங்கள். ஒரே வரிசைப் போனிலும் வித்தியாசம் இருக்கும். சாம்சங் ஏ04 ஏற்பது 15 வாட், அடுத்து வந்த ஏ05 ஏற்பது 25 வாட். சார்ஜில் போட்டதும் திரையில் என்ன எழுத்து வருகிறது என்பதையும் பாருங்கள். வெறும் சார்ஜிங் என்று வருவதும் சூப்பர் பாஸ்ட் சார்ஜிங் என்று வருவதும் ஒன்றல்ல.

சரி, எத்தனை வாட் இருந்தால் போதும்?

என் கணக்கில் 20 முதல் 33 வரை. அதற்கு மேல் போனோடு பெட்டியில் சேர்ந்து வந்தால் சந்தோஷம், தனியாகக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

5000 மில்லி அம்பியர் மணி (mAh) பெட்டரி என்றால் உள்ளே சுமார் 19 வாட் மணி சக்தி. 5 வாட் சார்ஜரில் அது நிரம்ப நாலு, ஐந்து மணித்தியாலம் ஆகும். 10 வாட்டில் இரண்டரை, மூன்று மணி. 25 வாட்டில் ஒன்றேகால் மணி அளவில் முடிந்துவிடும். 67 வாட்டில் முக்கால் மணி. 5இலிருந்து 25க்குப் போனால் மூன்று மணி அளவுக்கு மிச்சம், 25இலிருந்து 67க்குப் போனால் அரை மணிதான் மிச்சம். அந்த அரை மணிக்காக இரண்டு பேர், மூன்று பேர் (தோட்டக் கணக்கில் ஒரு பேர் என்றால் ஒரு நாள்) சம்பளத்தைக் கூடுதலாகக் கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம். நான் கொடுக்கமாட்டேன்.

கடைசி 20 வீதம் எந்தச் சார்ஜரிலும் ஆமை நடைதான். காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடும் இடத்துக்குப் போகுமுன் அரை மணி கிடைத்தால், 25 வாட் சார்ஜரில் பாதிப் பெட்டரி அளவுக்கு ஏறிவிடும். வேக சார்ஜரின் உண்மையான லாபம் அந்த முதல் அரை மணிதான்.

முக்கியமான கேள்வி: வேகமாகச் சார்ஜ் பண்ணினால் பெட்டரி சீக்கிரம் சாகுமா?

கொஞ்சம் கூடுதலாகத் தேயும், ஆனால் ஊரில் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. பெட்டரியைக் கொல்வது சூடு. வேகம் சூட்டைக் கொண்டுவந்தால்தான் குற்றவாளி.

லித்தியம் அயன் பெட்டரியை 1991இல் சோனி முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதற்காகக் குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படை ஒன்றுதான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் துகள்கள் ஒரு பக்கத்திலிருந்து நீந்தி வந்து மறுபக்கத்தில் இருக்கும் கிராபைட் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்கார வேண்டும்.

தேயிலைக் கொழுந்துச் சாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் சாக்கில் கூடையை அப்படியே கவிழ்க்கலாம். முக்கால் சாக்கு நிரம்பிய பிறகு நிதானமாகத்தான் போட வேண்டும். அவசரப்பட்டு அமுக்கி மிதித்தால் உள்ளே சூடேறிக் கொழுந்து சிவந்துபோகும், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ஏச்சு விழும். பெட்டரிக்கும் அதே கதைதான். காலியாக இருக்கும்போது வேகமாக ஏற்றலாம். நிரம்ப நிரம்ப வேகத்தைக் குறைக்காவிட்டால், லித்தியம் உள்ளே நுழைய இடமில்லாமல் வெளியிலேயே உலோகமாகப் படியும். அப்படிப் படிந்ததில் பெரும்பகுதி மறுபடி வேலைக்கு வராது. இது போன் செய்தவர்களுக்கும் தெரியும். அதனால்தான் போன் தானாகவே மேலே போகப் போக வேகத்தைக் குறைக்கிறது. கடைசி 20 வீதம் இழுபடுவது பெட்டரியைக் காப்பாற்றத்தான்.

100 வாட்டுக்கு மேல் ஏற்கும் போன்களில் பெரும்பாலும் பெட்டரியை இரண்டு துண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நிரம்புவதால் ஒவ்வொன்றும் தாங்கும் பாரம் பாதி.

ஆக, உங்கள் போனுக்கென்று சொன்ன வேகத்துக்குள் சார்ஜ் பண்ணினால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். கையில் பிடிக்க முடியாத சூடு வந்தால் கவலைப்படுங்கள். சார்ஜில் போட்டுக்கொண்டே கேம் விளையாடுவது, தடித்த கவரோடு கம்பளிக்குள் வைத்துச் சார்ஜ் பண்ணுவது, பகல் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைப்பது எல்லாம் வேக சார்ஜரை விடக் கெடுதல். கடைக்கு வரும் வீங்கிய பெட்டரிகளில் பாதிக்கு நான் கேட்டறிந்த காரணம் கம்பளிதான். குளிருக்குப் போனையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறோம்.

நம் மலைக் குளிர் பெட்டரிக்கு நல்லதுதானே?

பெரும்பாலும் நல்லது. கொழும்பில் 32 டிகிரியில் சூடேறும் போன் நுவரெலியாவின் 16 டிகிரியில் சுகமாக இருக்கும். ஆப்பிள் தன் போன்களுக்குச் சொல்லும் எல்லை 0 முதல் 35 டிகிரி வரை. வருஷத்தில் பெரும்பாலான நாள் நாம் அதற்குள்தான் இருக்கிறோம்.

சிக்கல் இரண்டு. நுவரெலியாப் பக்கம் சனவரி, பிப்ரவரியில் புல் மேல் உறைபனி விழும் காலை நேரங்கள் உண்டு. அவ்வளவு குளிர்ந்த பெட்டரிக்குள் லித்தியம் மெதுவாகத்தான் நகரும். அந்த நேரத்தில் வேகமாக ஏற்றினால் மேலே சொன்ன உலோகப் படிவு கூடும். நல்ல போன் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "காலையில் மட்டும் வேக சார்ஜர் வேலை செய்யவில்லை" என்று ஒருவர் போனைத் திருப்பிக் கொண்டுவந்தார். அது பழுதல்ல, போன் புத்தியாக இருக்கிறது.

இரண்டாவது, சிவனொளிபாதமலை. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை நல்லதண்ணியில் ஏறும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு உச்சியில் போன் செத்துவிடும். 40 வீதம் காட்டியது, சூரியன் எழும்பும்போது படம் எடுக்கப் போனால் அணைந்துவிட்டது என்பார்கள். 2243 மீட்டர் உயரத்தில், விடியற்காலைக் காற்றில், பழைய பெட்டரியின் உள் தடை கூடிவிடும். கேமரா திறந்ததும் வோல்டேஜ் பொத்தென்று விழும். போனை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். இறங்கி வந்தவுடன் சார்ஜில் போடாமல் ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் விடுங்கள்.

மழைக்காலத்தில் சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது. போர்ட்டில் ஈரம் என்று காட்டுகிறது. அடுப்படியில் காய வைக்கலாமா?

வைக்காதீர்கள், தயவு செய்து.

சூன், சூலையில் ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் வாரக்கணக்கில் மழையும் மூட்டமும்தான். போர்ட்டுக்குள் ஈரம் இருக்கும்போது கரண்ட் போனால் பின்கள் பச்சை பிடித்து அரித்துவிடும். வேக சார்ஜரில் 9 வோல்ட் ஏறுவதால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். அதற்காகத்தான் போன் மறுக்கிறது. போனை வாய் கீழாகப் பிடித்து மெல்லத் தட்டி, காற்றுப்படும் இடத்தில் சில மணித்தியாலம் வையுங்கள். அடுப்புச் சூடு திரை பசையை இளக்கிவிடும், பெட்டரியையும் கெடுக்கும். அரிசிப் பானையில் போடுவதும் உதவாது, தூசும் மாவும்தான் உள்ளே போகும். ஊதியும் பார்க்காதீர்கள், வாயிலிருந்து போவதும் ஈரம்தான்.

ஸ்டோரில் வேலை செய்பவர்களின் போர்ட்டில் தேயிலைத் தூசு அடைத்துக் கெட்டியாகிவிடும், வயர் முழுதாக உள்ளே போகாது. போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊசி வேண்டாம். சார்ஜர் பழுது என்று வருபவர்களில் பலருக்கு இந்த ஐந்து நிமிட வேலைதான், நான் காசும் வாங்குவதில்லை.

இரவு முழுக்கச் சார்ஜில் விடலாமா?

நிரம்பியதும் போன் தானாக நிறுத்திக்கொள்ளும், அதனால் வழியாது. ஆனால் 100 வீதத்திலேயே ஆறு மணித்தியாலம் நிற்பது பெட்டரிக்குக் களைப்பு. இப்போதைய போன்களில் 80 வீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறது, ஐபோனில் 15ஆம் வரிசையிலிருந்து வந்தது. சாம்சங்கில் பெட்டரி பாதுகாப்பு என்று தேடுங்கள். அந்த வசதி இருந்தால் இரவில் போடலாம், தலையணைக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

20க்கும் 80க்கும் நடுவில்தான் வைக்க வேண்டுமாமே?

முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த நேரம் கரண்ட் போகும் என்று தெரியாத ஊரில் 80இல் நிறுத்து என்று சொல்வதே ஒரு பகிடி. காற்று மழை அறிவிப்பு வந்த நாளில் 100 வரை நிரப்பி வையுங்கள். பெட்டரி நமக்காகத்தான், நாம் பெட்டரிக்காக இல்லை.

கரண்ட் பில் கூடுமா?

கூடாது. ஒரு தடவை முழுச் சார்ஜுக்கு விரயத்தையும் சேர்த்து 25 வாட் மணி என்று வைத்தால், ஒரு யூனிட்டில் 40 தடவை ஏற்றலாம். தினம் ஏற்றினாலும் மாதத்துக்கு முக்கால் யூனிட். வேக சார்ஜர் அதே சக்தியைக் குறைந்த நேரத்தில் கொடுக்கிறது, அவ்வளவுதான். 2000 வாட் மின் கேத்தலில் ஐந்து நிமிடம் தண்ணீர் கொதிக்க வைத்தால் ஆறு, ஏழு போன் சார்ஜுக்கான கரண்ட் போய்விடும். பில்லைக் குறைக்க நினைப்பவர்கள் கேத்தலைப் பாருங்கள்.

கரண்ட் போய்ப் போய் வருகிறது. சார்ஜர் கெடுமா?

காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கத் தண்ணீரில் நாட்டுக்கு விளக்கெரிகிறது, டர்பன்டைன் மரம் ஒன்று சாய்ந்தால் நம் லயத்து வரிசை வீடுகளில் இருட்டு. இதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மனம் வரவில்லை.

நல்ல சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கி பல்ப் மங்கினாலும் சார்ஜர் வேலை செய்யும். ஆபத்து கரண்ட் திரும்பி வரும் அந்த நொடியில் இருக்கிறது. வோல்டேஜ் ஒரேயடியாகத் தூக்கி அடிக்கும். கரண்ட் போனதும் ப்ளக்கைக் கழற்றுங்கள், வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்குப் பிறகு இடி இடிக்கும் நாட்களில் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மின்னல் சுவிட்சின் சின்ன இடைவெளியைத் தாண்டி வந்துவிடும். கழற்றி வையுங்கள்.

வட்டப் பின் சுவருக்குச் சதுரப் பின் சார்ஜர், நடுவில் ஒரு ஆடும் மல்டி ப்ளக். லயத்து வீடுகளில் இதுதான் அதிகம். ஆடுகிற இடத்தில் பொறி பறக்கும், பிளாஸ்டிக் உருகும். சார்ஜருக்குச் செலவழிப்பதற்கு முன் ஒரு இறுக்கமான 13 அம்பியர் ப்ளக் பொயின்ட்டும் ட்ரிப் சுவிட்சும் போட்டுக்கொள்ளுங்கள்.

சார்ஜில் இருக்கும்போது போனைத் தொட்டால் சுருக்கென்று கரண்ட் அடிக்கிறது, அக்கா பயப்படுகிறா.

உலோக உடம்புப் போனில் லேசான குறுகுறுப்பு என்றால் நல்ல சார்ஜரிலும் வரும். இரண்டு பின் சார்ஜரில் எர்த் இல்லை. உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கொள்ளளவி (கெப்பாசிட்டர்) வழியாக மிகச் சிறிய கசிவு வருவது வழக்கம். சிமெந்துத் தரையில் வெறும் காலோடு நின்றால் கூடுதலாகத் தெரியும். ஆனால் "சுருக்" என்று அடிக்கிறது, அதுவும் மலிவுச் சார்ஜர் என்றால், அன்றைக்கே தூக்கிப் போடுங்கள். 230 வோல்டுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் இருக்க வேண்டிய தடுப்பு அதில் சரியில்லை. அக்கா பயப்படுவது சரிதான்.

ஐந்நூறு ரூபாய்க்கும் 65 வாட் சார்ஜர் கிடைக்கிறதே?

கிடைக்கும். நானும் வாங்கியிருக்கிறேன். கடை தொடங்கிய புதிதில் கொழும்புக்குப் போனபோது புறக்கோட்டை நடைபாதையில் ஒரு டசின் வாங்கி வந்தேன், மலிவு என்ற சந்தோஷத்தில். கையில் நல்ல பாரம். ஒரு மாதத்தில் நாலு திரும்பி வந்தது. ஒன்றை உடைத்துப் பார்த்தால், விரல் அகலத்தில் ஒரு போர்டு, பக்கத்தில் பாரத்துக்காக ஒட்டிய ஒரு இரும்புத் துண்டு. மீட்டரில் போட்டேன், 7 வாட்டைத் தாண்டவில்லை. மீதி எட்டையும் விற்கவில்லை, முதல் போனது போனதுதான்.

அதிலிருந்து பாரத்தை நம்புவதில்லை. எழுத்துப் பிழை, கலங்கிய அச்சு, அவுட்புட் வரியே இல்லாதது, ஆடும் பின் ஆகியவற்றைப் பார்க்கிறேன். பில்லும் வாரன்டியும் தராத இடத்தில் சார்ஜர் வாங்காதீர்கள். கம்பெனிச் சார்ஜருக்கு மூன்று நாலு பேர் சம்பளம் போகும், மனசு வலிக்கும்தான். ஆனால் அதே சார்ஜர் அடுத்த போனுக்கும் அதற்கடுத்த போனுக்கும் உதவும். காலியம் நைட்ரைடு (GaN) என்று எழுதிய சின்ன உருவச் சார்ஜர்கள் நல்லவைதான், அளவில் சின்னது, சூடு குறைவு. ஆனால் அந்தப் பெயரையும் இப்போது போலிகளில் அச்சடிக்கிறார்கள்.

வயரும் மாற்ற வேண்டுமா?

பல நேரம் வயர் மட்டும் மாற்றினாலே போதும். டைப் சி வயர் பொதுவாக 3 அம்பியர், 60 வாட் வரை கொண்டுபோகும். அதற்கு மேல் வேண்டுமானால் உள்ளே அடையாளச் சில்லு வைத்த 5 அம்பியர் வயர் வேண்டும். சாம்சங்கின் 45 வாட் வேகம் வராமல் போவதற்கு இந்த வயர் பெரும்பாலும் காரணம். சார்ஜர் வாங்குமுன் நண்பரின் வயரை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

வேக சார்ஜரில் போன் வெடிக்கும் என்கிறார்களே?

2016இல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்ததிலிருந்து இந்தப் பயம். அது சார்ஜர் வேகத்தால் நடந்ததல்ல. பெட்டரி வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் இருந்த கோளாறால் உள்ளே ஷோட் ஆனது என்று சாம்சங் 2017 சனவரியில் சொன்னது. நம் ஊரில் பயப்பட வேண்டியது வீங்கிய பெட்டரிக்கும், கண்ட இடத்தில் மாற்றிய போலிப் பெட்டரிக்கும்.

தம்பி, எங்க தோட்டத்து டிவிசனில் அரை நாளிலேயே சார்ஜ் இறங்குது. வேக சார்ஜர் வாங்கினால் சரியாகுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மாமாருக்கு நான் சார்ஜர் விற்பதில்லை. முதலில் கேட்பது, "வீட்டில் சிக்னல் எத்தனை கோடு?" என்று.

மலை மறைவில், பள்ளத்தாக்கில் இருக்கும் லயங்களில் போன் நாள் முழுக்க டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். டவர் தூரமானால் போன் தன் சத்தத்தைக் கூட்டிக் கத்த வேண்டும், அதற்குப் பெட்டரி செலவாகும், போன் சூடாகும். ஒன்றும் செய்யாமல் அலுமாரியில் வைத்த போன் மாலைக்குள் பாதியாவது இதனால்தான். கொரோனா காலத்தில் பிள்ளைகள் பாறை மேல் ஏறி ஒன்லைன் வகுப்புப் பார்த்தது நினைவிருக்கும், அதே கதை. 4ஜியும் 5ஜியும் மாறி மாறி வரும் இடம் என்றால் செட்டிங்கில் 4ஜியோடு நிறுத்துங்கள். 4ஜியே தடுமாறினால் 2ஜிக்கு இறக்குங்கள். இரட்டைச் சிம்மில் சிக்னல் இல்லாத சிம்மை அணையுங்கள். மலைக்கு வேலைக்குப் போகும் நேரத்தில் சிக்னலே இல்லை என்றால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இதில் காற்பங்கு நாள் மிச்சமாகும், காசு செலவில்லை.

சார்ஜர் வாங்கவா, பவர் பேங்க் வாங்கவா?

லயத்தில் இருப்பவருக்கு என் ஓட்டு பவர் பேங்குக்கு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் எந்த வேக சார்ஜரும் உதவவில்லை. 2025 பிப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருட்டானது. அதே வருஷம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, வீட்டாளுக்கு ஒரு வார்த்தை சொல்லப் போனில் உயிர் இல்லை.

பவர் பேங்கில் 10000 மில்லி அம்பியர் மணி என்று போட்டிருந்தாலும் போனுக்குள் போவது 6000, 6500 அளவுதான். வோல்டேஜ் மாறும்போது விரயமாகும். 5000 பெட்டரி போனை ஒரு தடவை நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும். வாங்கும்போது உள்ளே வாங்கும் வேகத்தையும் பாருங்கள், இன்புட் 18 வாட்டாவது இருக்கட்டும். கொஞ்ச நேரம் மட்டும் கரண்ட் வரும் நாளில் அதற்குள் முடிந்தளவு ஏறினால்தானே பிரயோசனம். வேக சார்ஜர் ஒன்று வீட்டில் இருந்தால் அதை இப்படி நிரப்பவும் ஆகும். அந்த வகையில் இரண்டும் ஜோடி.

வயர்லெஸ் சார்ஜிங்?

வேண்டாம். சூடு கூட, வேகம் குறைவு, விலை அதிகம்.

பெட்டரியை எப்போது மாற்ற வேண்டும்?

ஒரு முழுச் சுற்று என்றால் மொத்தமாக 100 வீதம் செலவழிந்தது. இன்று 50, நாளை 50 போனால் ஒரு சுற்று. ஐபோன் 14 வரை 500 சுற்றுக்குப் பிறகும் 80 வீதக் கொள்ளளவு இருக்கும் என்றும், 15இலிருந்து 1000 சுற்று என்றும் ஆப்பிள் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சூன் 20இலிருந்து விற்கும் போன்களுக்கு 800 சுற்று கட்டாயம். தினம் ஒரு சுற்று என்றால் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். மெதுவான சார்ஜரில் பொத்திப் பொத்தி வைத்தாலும் மூன்று, நாலு வருஷத்தில் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். ஆறு மாத ஆயுளைக் கூட்ட நினைத்து ஆயிரம் நாள் காத்திருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

போனின் முதுகு உப்பிக்கொண்டு வருகிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். சார்ஜிலிருந்து எடுங்கள், அணையுங்கள், அமுக்கவோ குத்தவோ வேண்டாம். கழற்றிய பெட்டரியை அடுப்பிலோ குப்பை எரிக்கும் இடத்திலோ போடாதீர்கள், தேயிலை மலைக்குள் எறியவும் வேண்டாம். கடைக்குக் கொண்டுவாருங்கள். மணல் போட்ட ஒரு தகர டப்பா வாசலில் வைத்திருக்கிறேன், அதில் போட்டுவிட்டுப் போகலாம்.